கிணத்துத் தண்ணித் தொட்டியில வெள்ளைப் புள்ளி, ஒரு ஏஞ்சல் செத்திட்டுது. இனி என்ன செய்யலாம்?

திருநெல்வேலித்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். தொட்டி 3 அடி நீளம், ஒண்டேகால் அடி அகலம், ஒண்டேகால் அடி உயரம். ஒரு ஸ்பொஞ்ச் பில்ற்றர், ஒரு எயார் பம்ப். அடியில சின்னக் கல்லு, வடிவுக்கு ரண்டு முருகைக் கல்லு. கோல்ட் பிஷ் 4, ஏஞ்சல் 2, மொலி 6, கண்ணாடி துடைக்கிற சக்கர் 1. தண்ணி யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணிதான்.

போன கிழமை 3 மொலி வாங்கி நேர தொட்டிக்குள்ள விட்டது. மூண்டாம் நாள் மழையும் குளிரும். அண்டைக்கே ஏஞ்சலின்ர செட்டையில உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. எல்லா மீனும் கல்லில போய் உரசுதுகள். கடையில தந்த நீல மருந்தை (மெதிலீன் புளூ) சின்னப் போத்தலோட முழுக்க ஊத்தி, பில்ற்றரும் ஊத்தையா இருந்ததால பைப் தண்ணியில கசக்கிக் கழுவிப் போட்டாச்சு. அடுத்த நாள் விடிய ஒரு ஏஞ்சல் செத்துக் கிடக்கு. கோல்ட் பிஷ் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள். தண்ணி நீலமும் கலங்கலுமா இருக்கு.

இன்னும் ரண்டு விசயம்: ஒரு கோல்ட் பிஷ்ஷுக்கு செவுள் மூடியில மட்டும் வெள்ளைப் புள்ளி. ஒரு மொலியின்ர வாயில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒண்டு. வீட்டில ரெற்றாசைக்கிளின் கப்சூல் கிடக்கு. உடைச்சுப் போடலாமோ?

சுண்ணாம்புத்தண்ணி:

கப்சூலைப் போடாதேங்கோ. இன்னொரு மருந்தும் இப்ப வேண்டாம். உங்கட தொட்டியில ரண்டு பிரச்சினை ஒண்டுக்கு மேல ஒண்டா ஏறி நிக்குது. வெள்ளைப் புள்ளி முதலில வந்தது. ஆனால் ஏஞ்சலை ஒரே இரவில கொண்டது பெரும்பாலும் அமோனியா. வெள்ளைப் புள்ளி கொல்ல நாலைஞ்சு நாளாவது எடுக்கும்.

ஏனெண்டால், மீன் விடுற அமோனியாவை முதல் நைத்திரைற்றாவும் பிறகு நைத்திரேற்றாவும் மாத்திற பற்றீரியா பில்ற்றர் ஸ்பொஞ்சிலதான் குடியிருக்கு. அதை பைப் தண்ணியில கசக்கிக் கழுவினால் அரைவாசி போயிடும். மிச்சத்தை மெதிலீன் புளூ கவனிச்சிடும். அது நைத்திரேற்றாக்கிற பற்றீரியாவுக்கும் நஞ்சு. முட்டையில பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், தனி வாளியில குளிப்பாட்டவும் நல்ல மருந்து; ஓடுற பில்ற்றரோட இருக்கிற தொட்டிக்கு இல்லை. ஸ்பொஞ்சைக் கழுவ வேணுமெண்டால் தொட்டியில இருந்து எடுத்த தண்ணியில ரண்டு தரம் பிழிஞ்சால் காணும்.

இண்டைக்கே அரைவாசித் தண்ணியை மாத்துங்கோ, நாளைக்கு இன்னொருக்கா அரைவாசி. சாப்பாடு ரண்டு நாளைக்கு ஒண்டும் வேண்டாம், மீன் பட்டினியில சாகாது. இன்னொரு எயார் கல்லு இருந்தால் அதையும் போடுங்கோ.

மாத்த முதல் ஒண்டு சொல்லுங்கோ: வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குக் குளோரீன் போட்டவையோ? போட்டிருந்தால் அந்தத் தண்ணியை நேர விடக்கூடாது. மணம் தெரியாத அளவு குளோரீனும் செவுளைச் சுடும்.

இன்னொண்டு. கிணத்தில இருந்து அப்ப இறைச்ச தண்ணியில காபனீரொட்சைட்டு கூட, ஒட்சிசன் குறைவு. அதால பிஎச் (தண்ணியின்ர அமில-கார அளவு) பொய்யாக் குறைச்சுக் காட்டும். ஒரு இரவு வாளியில எயார் விட்டால் காபனீரொட்சைட்டு பறந்து பிஎச் ஏறும். எங்கட சுண்ணாம்புக் கல்லுத் தண்ணியில இந்த வித்தியாசம் பெரிசு. அதால பெரிய வாளி அல்லது ட்ரம்மில இறைச்சு, எயார் கல்லு போட்டு, ஒரு இரவு விட்டிட்டுப் பாவியுங்கோ. மீன் இப்பவே தத்தளிக்குதெண்டால் காத்திருக்க நேரமில்லை, மூண்டு நாலு மணித்தியாலம் எண்டாலும் எயார் விட்டு எடுங்கோ.

பிறகு அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பிஎச் நாலையும் அளந்து போடுங்கோ. நீலத் தண்ணியை அப்பிடியே அளக்கக் கூடாது. நிறம் பாத்துச் சொல்லுற கிற்றில நீலம் கலந்தால் பச்சை கூடக் காட்டும். ரண்டு முறை மாத்தி நீலம் வெளிறின பிறகு அளவுங்கோ.

திருநெல்வேலித்தொட்டி:

நன்றி அண்ணை. குளோரீன் போட்டவைதான், பத்து நாளைக்கு முதல். இப்ப மணம் இல்லை. ஆனாலும் ட்ரம்மில ரண்டு நாள் வெயிலில வைச்சு, எயார் விட்டுத்தான் ரண்டாவது முறை மாத்தினது. இண்டைக்கு அளந்தது, லீற்றருக்கு மில்லிகிராமில: அமோனியா 1, நைத்திரைற்று 0.25, நைத்திரேற்று 80, பிஎச் 8.2. காலமை வெப்பநிலை 24 பாகை. கிணத்துத் தண்ணியை மட்டும் தனிய அளந்தால் நைத்திரேற்று 60 காட்டுது. இது எப்பிடி? இன்னும் மீன் சாகேல்லை, ஆனால் மிச்சம் இருக்கிற ஏஞ்சலில புள்ளி கூடியிட்டுது.

சுண்ணாம்புத்தண்ணி:

கிணத்தில நைத்திரேற்று இருக்கிறது ஆச்சரியமில்லை. வலிகாமத்துத் தோட்டக் காணிகளுக்கு நடுவில இருக்கிற கிணறுகளில பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து குடிதண்ணி எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுறது வழமை. நைத்திரேற்றாலை மட்டும் உங்கட மீன் சாகாது. ஆனால் "நைத்திரேற்றைக் குறைக்கத் தண்ணி மாத்து" எண்ட வழமையான புத்திமதி உங்கட கிணத்துக்குச் சரிவராது, எத்தினை தரம் மாத்தினாலும் 60க்குக் கீழ இறங்காது. ஆர்.ஓ. தண்ணியோ (கரைஞ்ச உப்பெல்லாம் வடிச்செடுத்த தண்ணி), முதல் மழையை விட்டிட்டுப் பிடிச்ச கூரை மழைத்தண்ணியோ மூண்டில ஒரு பங்கு கலந்தால்தான் இறங்கும். அது நோய் மாறின பிறகு பாக்கிற வேலை.

அமோனியா 1 தான் அவசரம். கிற் காட்டிறது மொத்த அமோனியா. அதில நஞ்சான பங்கு பிஎச்சையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 28 பாகையில பிஎச் 7 எண்டால் நூறில ஒண்டு கூட இல்லை. பிஎச் 8.2 எண்டால் நூறில பத்து. பிஎச் குறைஞ்ச கொழும்புத் தண்ணியில 1 காட்டினால் மீன் தாங்கும், இஞ்ச அதே 1 எண்டால் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் நஞ்சு. 0.05 தாண்டவே செவுள் பழுதாகத் தொடங்கும். இப்ப உங்கட தண்ணி 24 பாகையில கிடக்கிறதால பங்கு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அதால ஹீற்றரைப் போட்டு உடன சூடாக்க வேண்டாம். வெள்ளைப் புள்ளிக்கு எல்லாரும் முதல் சொல்லுறது "30 பாகைக்கு ஏத்து" எண்டு. அமோனியா இருக்கேக்க சூடேத்தினால் நஞ்சுப் பங்கும் ஏறும், ஒட்சிசனும் குறையும். முதல் ஒவ்வொரு நாளும் மூண்டில ஒரு பங்கு மாத்தி அமோனியாவை 0.25க்குக் கீழ கொண்டு வாங்கோ. முருகைக் கல்லை எடுத்தால் பிஎச் இறங்கும் எண்டும் ஆக்கள் சொல்லுவினம். தண்ணியே சுண்ணாம்புத் தண்ணி, அதுக்குள்ள கல்லு என்னத்தைக் கரைக்கப் போகுது? இருக்கட்டும். புளி, எலுமிச்சம்பழம் விட்டு பிஎச் இறக்கப் பாக்காதேங்கோ, ஒரு இரவுக்குள்ள பழைய இடத்துக்கு ஏறி நிக்கும், அந்த ஏற்ற இறக்கத்திலதான் மீன் போகும்.

ஆனால் உப்பை இண்டைக்கே தொடங்கலாம்.

அளவு: தண்ணி நிக்கிற உயரத்தை அளவுங்கோ. 90 செ.மீ., 38 செ.மீ., 33 செ.மீ. எண்டால் பெருக்கி ஆயிரத்தால பிரிக்க 113 லீற்றர். கல்லு மண்ணுக்குப் பத்து வீதம் கழிச்சால் 100 லீற்றர். கண்ணாடியின்ர வெளி அளவில கணக்குப் பாத்து மருந்து போடுறதாலதான் கனபேர் கூடப் போடுறது.

லீற்றருக்கு 2 கிராம், மொத்தம் 200 கிராம். கல்லுப்பு நல்லது. கடையில வாற அயடின் உப்பும் இந்த அளவில பிழையில்லை. கரண்டியால அளவாதேங்கோ, கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் கரண்டி நிறை வேற, சமையல் தராசில நிறுங்கோ. ஒரு யக்குத் தொட்டித் தண்ணியில 70 கிராமை முழுக்கக் கரைச்சு, எயார் குமிழி வாற இடத்தில மெல்ல ஊத்துங்கோ. 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இப்பிடி மூண்டு தரம், கடைசித் தரம் 60 கிராம். கரையாத கல்லு சக்கரின்ர வயித்தில பட்டால் புண்ணாகும்.

உப்பால இன்னொரு நன்மையும் இருக்கு: குளோரைட்டு இருந்தால் நைத்திரைற்று செவுளால உள்ள போறது குறையும். உங்களுக்கு அது 0.25இல நிக்குது, அடுத்த கிழமை இன்னும் ஏறும். ஸ்பொஞ்ச் பழைய நிலைக்கு வர மூண்டு நாலு கிழமை எடுக்கும்.

30 லீற்றர் மாத்தினால் 60 கிராம் திருப்பிப் போடோணும். ஆவியாகிக் குறைஞ்சதுக்கு வெறும் தண்ணி மட்டும் விடுங்கோ, உப்பு ஆவியாகாது.

உவர்க்கிணறு:

இடையில ஒரு சொல். தீவுப்பக்கம், கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் மேல சொன்ன 2 கிராமை அப்பிடியே போடாதேங்கோ. கிணறே உவராயிருந்தால் உப்பு ஏற்கெனவே அரைவாசி உள்ளுக்கு நிக்கும். ரிடிஎஸ் மீற்றர் (தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிறது) ஒண்டு மலிவு. கிணத்துத் தண்ணி 1000 தாண்டினால் லீற்றருக்கு 1 கிராமில தொடங்கி மீனைப் பாத்துக் கூட்டுங்கோ. மொலிக்குக் கடல்தண்ணியே பிரச்சினை இல்லை, சக்கருக்குத்தான் பாக்கோணும்.

செட்டைநோக்கி:

ஒரு இடத்தில எல்லாரும் அவசரப்படுறியள். மூண்டு மீனில மூண்டு வெள்ளை சொல்லியிருக்கிறார், மூண்டும் ஒண்டில்லை.

ஏஞ்சலில இருக்கிறது வெள்ளைப் புள்ளி நோய்தான். தனித்தனியா, உப்புத்தூள் பருமன், உடம்பிலயும் செட்டையிலயும் ஒழுங்கில்லாமல் பரவும். இருட்டில ரோச் லைற்றைச் சரிச்சு அடிச்சுப் பாருங்கோ. புள்ளி தெரியாமல் மஞ்சள் தூள், துருப்பிடிச்ச மினுக்கம் மாதிரி இருந்தால் அது வெல்வெற் எண்ட வேற நோய், வேற மருந்து.

கோல்ட் பிஷ்ஷின்ர செவுள் மூடியில மட்டும், முன் செட்டையின்ர முதல் முள்ளில மட்டும் வரிசையா, தொட்டால் சொரசொரப்பா இருந்தால் அது நோயே இல்லை. ஆண் கோல்ட் பிஷ்ஷுக்குச் சினைக்காலத்தில வாற பருக்கள். குளிருக்குப் பிறகு சாதாரணம். இதுக்கு மருந்தடிச்சு நல்ல ஆண் மீனைக் கொண்ட ஆக்கள் கனபேர்.

மொலியின்ர வாய்ப் பஞ்சுதான் எனக்குப் பயம். பூஞ்சை எண்டால் நூல் நூலா, பஞ்சுப் பொதி மாதிரி வெளிய நீட்டிக்கொண்டு, பெரும்பாலும் பழைய காயத்தில இருக்கும். சொண்டைச் சுத்தி வெள்ளை-சாம்பல் படையா, தட்டையா, ஓரம் கொஞ்சம் மஞ்சளா இருந்தால், அல்லது முதுகில சேணம் போட்ட மாதிரி வெளிறின பட்டை இருந்தால், அது கொலம்னாரிஸ் எண்ட பற்றீரியா. அதுக்குச் சூடு பிடிக்கும். வெள்ளைப் புள்ளிக்கு எண்டு 30க்கு ஏத்தினால் மொலி எல்லாம் ரண்டு நாளில போயிடும். ஹீற்றர் பற்றி முடிவெடுக்க முதல் மொலியை வெளிய எடுங்கோ.

ஒரு 20 லீற்றர் வாளி அல்லது ரெஜிபோம் பெட்டி, அதே தொட்டித் தண்ணி, ஒரு எயார் கல்லு. உப்பு லீற்றருக்கு 3 கிராம், மொலி தாங்கும். பெட்டியில பில்ற்றர் இல்லாததால தினமும் அரைவாசித் தண்ணி மாத்தோணும். மெதிலீன் புளூ இஞ்சதான் பயன்படும், நைத்திரேற்றாக்கிற பற்றீரியா இல்லாத பெட்டியில இழக்க ஒண்டுமில்லை. வலையும் பைப்பும் வேறயா வைச்சுக்கொள்ளுங்கோ. ஈர வலை ஒண்டு காணும் நோயைத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டு போக.

ரெற்றாசைக்கிளின் ஏன் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அது கல்சியம், மகனீசியத்தோட சேர்ந்து கட்டுப்படுற மருந்து. எங்கட வன்தண்ணியில கரைச்சால் மீனுக்குள்ள போக முதலே கட்டுப்பட்டிடும். அரைகுறையாப் பாவிச்சு மருந்துக்கு அடங்காத பற்றீரியாவை வளர்க்கிறதுதான் மிச்சம். கொலம்னாரிஸ் எண்டு உறுதியெண்டால் சாப்பாட்டோட குடுக்கிற மருந்துக்கு மிருக வைத்தியரைக் கேளுங்கோ.

பொட்டாசியம் பெர்மாங்கனேற்றும் இப்பிடித்தான். லீற்றருக்கு 2 மில்லிகிராம் எண்டு எழுதியிருக்கும். பிஎச் கூடின தண்ணியில மங்கனீசு ஒட்சைட்டு செவுளில படியும். 8.2இல கை வைக்காதேங்கோ. தோட்டத்துக்கு வைச்சிருக்கிற மயில்துத்தத்தையும் தொடாதேங்கோ. வன்தண்ணியில வீழ்படிவாகிறதால அளவு பிடிக்க ஏலாது.

திருநெல்வேலித்தொட்டி:

கோல்ட் பிஷ் விசயம் சரி, முன் செட்டையிலயும் வரிசையா இருக்கு. மொலியில தட்டையான சாம்பல் படைதான். பெட்டிக்கு மாத்தியாச்சு. அமோனியா இப்ப 0.25. உப்பு ரண்டு தரம் போட்டாச்சு. ஆனால் ஏஞ்சலில புள்ளி இன்னும் கூடுது! உப்பு வேலை செய்யேல்லையோ? மலக்கைற் கிறீன் மருந்து வாங்கவோ?

சுண்ணாம்புத்தண்ணி:

கூடத்தான் வேணும். இப்ப தெரியிற புள்ளி, உப்பு போட முதலே தோலுக்குள்ள போன ஒட்டுண்ணி. தோலுக்குள்ள இருக்கிறதை உப்பும் தொடாது, மலக்கைற்றும் தொடாது. அது முத்திக் கீழ விழும், கல்லில ஒட்டிக் கூடு கட்டும், உள்ளுக்கு நூற்றுக்கணக்காப் பிரிஞ்சு நீந்துற குஞ்சுகளா வெளிய வரும். அதுகள் ரண்டு நாளுக்குள்ள மீனைப் பிடிக்காட்டிச் செத்திடும். மருந்து கொல்லுறது இந்த நீந்துற கட்டத்தை மட்டும்தான். புள்ளி விழுந்த உடன "சுகம்" எண்டு நிப்பாட்டினால், கூட்டுக்குள்ள இருக்கிறது அடுத்த கிழமை எழும்பி வரும்.

24 பாகையில இந்தச் சுத்து ஒரு கிழமை அளவு இழுக்கும், 28இல நாலைஞ்சு நாள். அமோனியா இறங்கியிட்டுது, மொலி வெளிய. இப்ப ஹீற்றர் போடலாம். 100 வாற் காணும். ஒரு நாளில 2 பாகைக்கு மேல ஏத்தாமல் 28இல நிப்பாட்டுங்கோ. 30 வேண்டாம், கோல்ட் பிஷ் அந்தச் சூட்டுக்குப் பிறந்த மீனில்லை. தண்ணி மாத்தேக்க ஹீற்றரைக் கழட்டி 15 நிமிசம் ஆற விடுங்கோ. தண்ணிக்கு வெளிய எரிஞ்ச கண்ணாடி குளிர்தண்ணி பட்டால் வெடிக்கும்.

ரண்டு நாளைக்கு ஒருக்கா கல்லை சைபன் பண்ணி உறிஞ்சுங்கோ. அரைவாசி நோய் கூடுகளா அங்கதான் கிடக்கு. கடைசிப் புள்ளி போன நாளில இருந்து இன்னும் 7 நாள் உப்பும் சூடும் அப்பிடியே இருக்கட்டும்.

ஆறு நாள் போன பிறகும், இதுவரை புள்ளி இல்லாத மீனில புதுப் புள்ளி வந்தால் மட்டும் மலக்கைற் கிறீன். செறிவு எழுதாத போத்தல் வேண்டாம். 0.1 வீதக் கரைசல் எண்டால் 100 லீற்றருக்கு 10 மி.லீ., சக்கர் இருக்கிறதால உங்களுக்கு 5 மி.லீ. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூண்டு தரம், ஒவ்வொரு முறையும் முதல் கால்வாசித் தண்ணி மாத்தி. கரி போட்ட பில்ற்றர் எண்டால் கரியை எடுங்கோ, மருந்தை உறிஞ்சிடும். கையுறை போடுங்கோ, அது மனுசருக்கும் கூடாது.

கழிச்ச தண்ணியைக் கிணத்தடியில ஊத்தாதேங்கோ. எங்கட நிலம் வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லு. ஊத்தினது மண்ணில வடிகட்டுப்படாமல் நேர கிணத்துக்கே போகும்.

செட்டைநோக்கி:

புள்ளி எல்லாம் போன பிறகும் உரசல் நிக்காட்டி, ஒரு செவுளை மூடி மறு செவுளால மட்டும் மூச்சு விட்டால், அது செவுள் புழு. உப்புக்கு வடிவா அடங்காது, பிராசிகுவான்ரல் எண்ட புழு மருந்து வேணும்.

கரண்டில்லாதவன்:

மழைக்காலம் எண்டபடியால் இதையும் சேர்க்கிறன். கரண்ட் நிண்டால் மீனுக்கு முதல் ஸ்பொஞ்சைப் பாருங்கோ. எயார் இல்லாமல் மணித்தியாலக் கணக்கில நிண்டால் உள்ளுக்கு இருக்கிற பற்றீரியா மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். திரும்பக் கரண்ட் வரேக்க அந்த அழுகலைத்தான் தொட்டிக்குள்ள தள்ளும். பற்றரி எயார் பம்ப் ஒண்டு வைச்சிருங்கோ. இல்லாட்டி ஒரு கோப்பையால அள்ளி ஒரு அடி உயரத்தில இருந்து ஊத்துங்கோ, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு இருபது தரம். நாள் முழுக்க நிண்டிருந்தால் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணியில பிழிஞ்சிட்டுப் போடுங்கோ.

திருநெல்வேலித்தொட்டி:

புது மீன் இனி வாங்கினால் தனியா எத்தினை நாள் வைக்கோணும்? பையை மிதக்க விட்டால் காணாதோ?

சுண்ணாம்புத்தண்ணி:

தனிப்பெட்டியில 3 கிழமை, சாப்பாடு குடுத்துப் பாத்து. அந்த 3 மொலியையும் அப்பிடி வைச்சிருந்தால் புள்ளி பெட்டியிலயே வெளிச்சிருக்கும். நான் சொல்ல வேண்டியது இன்னொண்டு: 4 கோல்ட் பிஷ் உள்ள 100 லீற்றரில இனிப் புது மீனுக்கு இடமில்லை.

மிதக்க விடுறது வெப்பநிலைக்கு மட்டும். ரவுனில வாங்கி அரை மணித்தியாலத்தில கொண்டு வந்த மீன் எண்டால், அந்தத் தண்ணியும் இஞ்சத்தைய வன்தண்ணிதான், பெட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து 45 நிமிசத்தில விடலாம். கொழும்பில இருந்து பஸ்ஸில வந்த பை வேற கதை. இரவு முழுக்க மீன் விட்ட மூச்சில பை பிஎச் இறங்கியிருக்கும், அதால உள்ளுக்குச் சேர்ந்த அமோனியா நஞ்சில்லாமல் கிடக்கும். பையைத் திறந்து எங்கட 8.2 தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டால், அந்த அமோனியா முழுக்க மீனைச் சுத்தியே நஞ்சா மாறும். அப்பிடியான பையைக் கட்டவிழ்க்காமல் 20 நிமிசம் மிதக்க விட்டு, திறந்த உடன மீனை மட்டும் வலையால எடுத்து, பாதி ஆர்.ஓ. தண்ணி கலந்து வைச்ச பெட்டியில விடுங்கோ. பைத் தண்ணி ஒரு துளியும் உள்ள போகக்கூடாது. பிறகு நாலைஞ்சு நாளில ஒவ்வொரு தண்ணி மாத்தலிலயும் கிணத்துத் தண்ணியைக் கூட்டிக் கொண்டு வாங்கோ.